விரல் சொல்வதும் திரை கேட்பதும்: தொடு உள்ளீட்டை விரிவாக்கும் வழிகள்

#1 பொன்விரல்

நண்பர்களே,

வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தேன். அந்த ஆறு வாரமும் கைபேசியை இடது கையில் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால்தான் எல்லாம் செய்தேன். ஆவணங்களில் குறிப்பெழுதும் செயலி ஒன்றைப் பல ஆண்டுகளாக உருவாக்கி வருகிறேன். அதை என்னாலேயே பயன்படுத்த முடியவில்லை என்பது என்னை உலுக்கிவிட்டது.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். ஒரு சொல்லில் ஓர் எழுத்து தவறு. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே கர்சரை வைக்க வேண்டும். கட்டைவிரலைக் கொண்டுபோனால் அந்தச் சொல்லே விரலுக்கடியில் மறைகிறது. எடுத்துப் பார்த்தால் கர்சர் ஓர் எழுத்து தள்ளி நிற்கிறது. மறுபடி வைத்தால் முந்தைய வரிக்குப் போய்விடுகிறது. நான்காம் முறை சொல் முழுவதும் தேர்வாகி, வெட்டவா நகலெடுக்கவா என்று மெனு மேலே எழுந்து நிற்கிறது. ஐந்தாம் முறை கைபேசி பிடியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

பொத்தான்களைக் கூட்டத் திரையில் இடமில்லை. சைகைகளைக் கூட்டினால் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அழுத்தம், விரலின் கோணம், கைபேசியின் பின்புறம், விளிம்பு என்று எத்தனையோ வழிகள் வந்தன, சில போயின. இவற்றில் எது உண்மையிலேயே உதவுகிறது? உருவாக்கிப் பார்த்தவர்களும் பயன்படுத்திப் பார்த்தவர்களும் எழுதுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் இதைச் சரிசெய்ய நினைக்கிறேன்.

#2 மின்னிழை

தொடு கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்கு நிரல் எழுதுவது என் வேலை. கண்ணாடிக்கு அடியில் நடப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அங்கே ஒளி ஊடுருவும் மின்முனைகள் நெடுக்கிலும் குறுக்கிலும் கோடுகளாக ஓடுகின்றன. கோடுகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் மிகச் சிறிய மின்தேக்கம் இருக்கும். விரல் நெருங்கினால் அங்குள்ள மின்புலத்தில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மின்தேக்கம் குறையும். எல்லாச் சந்திப்புகளையும் சில்லு திரும்பத் திரும்ப அளந்துகொண்டே இருக்கிறது. ஆக, எங்களுக்குக் கிடைப்பது ஒரு மங்கலான சிறிய படம். விரல்நுனி என்றால் சிறு வட்டம். கட்டைவிரலைப் படுக்கவைத்தால் நீள்வட்டம். உள்ளங்கை பட்டால் பெரிய திட்டு. அந்தப் படத்தின் மையத்தைக் கணக்கிட்டு இரண்டே எண்களை மேலே அனுப்புகிறோம். மற்றதில் பெரும்பகுதியை வீசிவிடுகிறோம்.

வீசுவதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று. ஆய்வாளர்கள் நெக்சஸ் 5 கைபேசியின் இயங்குதளக் கருவை மாற்றியமைத்து இந்தப் படத்தை நேரடியாக எடுத்தார்கள். 27 × 15 கட்டங்கள்தாம். ஒரு கட்டம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அவ்வளவு கரடுமுரடான படத்திலிருந்தே விரல் எந்தத் திசையில் நீண்டிருக்கிறது, பட்டது விரலா உள்ளங்கையா என்பதையெல்லாம் இயந்திரக் கற்றல் மூலம் பிரித்தறிய முடிந்தது. 2018இல் வந்த 'பாம்டச்' ஆய்வு உள்ளங்கை படுவதையே ஒரு கட்டளையாக மாற்றிக் காட்டியது. வழக்கமாக நாங்கள் வடிகட்டி எறிவது அது.

உங்கள் கர்சர் ஏன் ஓர் எழுத்து தள்ளி நின்றது என்பதற்கும் விடை உண்டு. கிறிஸ்டியன் ஹோல்ஸ், பாட்ரிக் பௌடிஷ் இருவரும் 2010, 2011 ஆண்டுகளில் செய்த ஆய்வுகளைப் பாருங்கள். நாம் குறிபார்ப்பது விரலின் மேற்புறத்தை வைத்து. நகத்தின் நடுப்பகுதி போன்ற கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தை இலக்கின்மேல் பொருத்துகிறோம். திரை அறிவதோ விரலின் அடிப்புறம் படும் இடத்தை. விரல் சாயும்போதும் உருளும்போதும் இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவு மாறுகிறது. விரல் தடிமனாக இருப்பதே பிழைக்குக் காரணம் என்று அதுவரை நம்பப்பட்டது. கோணம் தெரிந்தால் பிழையில் பெரும்பகுதியைத் திருத்திவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

#3 தேன்சிட்டு

இடைமுக வடிவமைப்பாளராக இருக்கிறேன். அழுத்தத்தைப் பற்றி எழுத வேண்டும். அது கைவிடப்பட்டதில் எனக்கு இன்றும் வருத்தம்.

2015இல் ஐபோன் 6எஸ் உடன் '3டி டச்' வந்தது. கண்ணாடியை அழுத்தினால் அதற்கும் பின்னொளித் தகட்டுக்கும் இடையிலான இடைவெளி நுண்ணளவில் குறையும், அதை அளந்தார்கள். விசைப்பலகையின் மேல் சற்று அழுத்தினால் எழுத்துகள் மறைந்து முழுப் பலகையும் கர்சரை நகர்த்தும் தளமாகிவிடும். விரல் கீழே, கர்சர் மேலே. சொல் விரலுக்கடியில் மறைவதே இல்லை. இன்னும் அழுத்தினால் சொல் தேர்வாகும். விரலை எடுக்காமலேயே இரண்டு வேலை.

2018இல் ஐபோன் எக்ஸ்ஆர் அது இல்லாமல் வந்தது. 2019இல் மற்ற புதிய மாதிரிகளிலிருந்தும் நீக்கப்பட்டது. எந்த இடத்தில் அழுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்குத் திரையில் ஓர் அடையாளமும் இல்லை. ஒரு பொத்தானைப் பார்த்தால் தட்டலாம் என்று தெரிகிறது. அழுத்தலாமா என்று தெரியவில்லை. அழுத்திப் பார்த்து ஒன்றும் நடக்காத இடங்களே அதிகம் என்றால் மனம் இரண்டு நாளில் விட்டுவிடும். அதோடு, எல்லாக் கருவியிலும் இல்லாத ஒன்றை நம்பி எந்தச் செயலியும் முக்கியமான வேலையை அதில் வைக்கத் துணியவில்லை.

பொன்விரல், உங்கள் சிக்கலுக்கு இன்று கையில் இருக்கும் வழி: ஐபோனில் இடைவெளி விசையை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து விரலை நகர்த்துங்கள். ஆண்ட்ராய்டின் ஜிபோர்டு விசைப்பலகையில் அதே விசையின் மேல் பக்கவாட்டில் இழுங்கள். கர்சர் நகரும். அழுத்தம் செய்ததை ஐபோனில் காலத்தால் ஈடுசெய்கிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் சற்றுக் காத்திருக்க வேண்டும். அழுத்தத்தில் அந்தக் காத்திருப்பு இல்லை.

#4 கதிரோன்

திரையைத் தொடுவதைப் பற்றியே ஏன் இவ்வளவு பேச்சு? தொடாமலேயே கட்டளையிடுவதுதான் அடுத்த கட்டம். கையை அசைத்தால் பக்கம் புரள வேண்டும். ரேடார் சில்லு விரலசைவைப் படிக்கிறது என்று செய்து காட்டினார்களே.

#5 மின்னிழை

> ரேடார் சில்லு விரலசைவைப் படிக்கிறது

உண்மைதான். கூகுளின் 'சோலி' ரேடார் 2019இல் பிக்சல் 4 கைபேசியில் வந்தது. 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது. அந்த அலைவரிசைக்கு அனுமதி கிடைக்காததால் இந்தியாவில் அந்தக் கைபேசி விற்பனைக்கே வரவில்லை. வந்த நாடுகளிலும் பாட்டை மாற்றுவது, அலாரத்தை நிறுத்துவது போன்ற சில வேலைகளோடு நின்றது. அடுத்த ஆண்டு வந்த பிக்சல் 5இல் அது இல்லை. 2013இல் கேலக்ஸி எஸ்4 திரைக்கு மேலே கையசைக்கும் வசதியோடு வந்தது, அதுவும் நிலைக்கவில்லை.

காற்றில் விரலுக்குப் பிடிமானம் இல்லை. தொடங்கியது எப்போது, முடிந்தது எப்போது என்று கைக்கே தெரியாது. கண்ணாடியில் பட்டால் தெரியும். ஆனால் திரைக்கு மேலே ஓரிரு சென்டிமீட்டரில் விரல் வருவதை அறிவது வேறு வகை. அதைக் கைவிடக் கூடாது என்பேன். மின்புலம் கண்ணாடிக்கு வெளியேயும் நீள்வதால் இது முடியும். 2012இல் சோனி எக்ஸ்பீரியா சோலாவில் இதன் தொடக்க வடிவம் இருந்தது. 2016இல் கென் ஹிங்க்லி குழுவினர் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இதை இன்னும் அழகாகச் செய்தார்கள். விரல் நெருங்கும்போது காணொளியின் பொத்தான்கள் தோன்றும், விலகினால் மறையும். கைபேசியை எந்தக் கையில் பிடித்திருக்கிறோம் என்பதை விளிம்பில் படும் விரல்களை வைத்து அறிந்து, கட்டைவிரலுக்கு எட்டும் பக்கம் அவற்றை வைக்கும். பயனர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

#6 செவிநுகர்

எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் வழியே இந்த இழையைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் "புதிய வழி" என்று தேடுவதில் பாதியை நாங்கள் 2009 முதல் பயன்படுத்துகிறோம். ஐபோன் 3ஜிஎஸ் உடன் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் வந்த ஆண்டு அது. அதற்கு முன் தொடுதிரை என்றால் எனக்கு வழவழப்பான வெறும் கண்ணாடி. வாய்ஸ்ஓவர் தொடுதலின் பொருளையே மாற்றியது. ஒரு விரல் பட்டால் அங்கே இருப்பதைச் சொல்லும், செயல்படுத்தாது. செயல்படுத்த இரண்டு முறை தட்ட வேண்டும், அதுவும் திரையில் எங்கு வேண்டுமானாலும். அல்லது ஒரு விரலைப் பொருளின் மேல் வைத்தபடியே இன்னொரு விரலால் வேறிடத்தில் ஒரு தட்டு. இரண்டு விரல்களை வைத்துக் குமிழைத் திருகுவதுபோல் திருப்பினால் அடுத்து எதைக் கொண்டு நகர்வது என்று தேர்ந்தெடுக்கலாம்: எழுத்து, சொல், வரி, தலைப்பு. மூன்று விரலால் தள்ளினால் பக்கம் நகரும். இரண்டு விரலால் இருமுறை தட்டினால் அழைப்பை ஏற்கலாம், பாட்டை நிறுத்தலாம்.

பொன்விரல், நீங்கள் ஐந்து முறை முயன்று கைபேசியை நழுவவிட்ட இடத்தில் நான் அந்த இருவிரல் திருகலை "எழுத்து" என்று வைத்து, விரலை மூன்று முறை கீழே தள்ளுவேன். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கும். வேண்டிய இடத்தில் நிறுத்துவேன். குறிபார்க்கும் வேலையே இல்லை.

எழுதும்போது இன்னும் ஒன்று. 2014இல் ஐஓஎஸ் 8 உடன் திரையிலேயே பிரெயில் எழுதும் வசதி வந்தது. திரை வெளிப்பக்கம் பார்க்கும்படி கைபேசியைக் குறுக்காகப் பிடித்து, இரு கைகளின் மும்மூன்று விரல்களை வைப்பேன். ஆறு விரல், ஆறு புள்ளி. கை எங்கே இருக்கிறதோ அங்கே விசைகள் தாமாக அமைந்துகொள்ளும். விசை இருக்கும் இடத்தைத் தேடி நான் போவதில்லை.

இவ்வளவு சொல்வது ஒரு வேண்டுகோளுக்காக. புதிய சைகை ஒன்றைச் சேர்க்கும்போது, திரைவாசிப்பான் ஏற்கெனவே வைத்திருக்கும் சைகையின் மேல் ஏறிவிடாதீர்கள். நான் நாள்தோறும் நம்பியிருந்த ஒரு செயலி ஒரு புதுப்பிப்பில் தன் சேமிப்புப் பொத்தானை எடுத்துவிட்டு, மூன்று விரலால் கிள்ளினால் சேமிக்கும் என்று மாற்றியது. அன்று எழுதிய இரண்டு மணி நேர வேலை எனக்குப் போயிற்று. இணைய அணுகல்தன்மை நெறிகளின் 2.1 பதிப்பு 2018இலேயே சொல்லிவிட்டது: பல விரலாலோ குறிப்பிட்ட தடத்தில் இழுத்தோ செய்வதை ஒரே விரலின் எளிய தட்டாலும் செய்ய முடிய வேண்டும். அது அடிப்படை நிலை விதி.

#7 பொன்விரல்

> அன்று எழுதிய இரண்டு மணி நேர வேலை எனக்குப் போயிற்று.

செவிநுகர், இதைப் படித்தவுடன் என் செயலியைத் திறந்து பார்த்தேன். "முந்தைய நிலைக்குத் திரும்பு" என்பதை மூன்று விரல் தள்ளலாக மட்டுமே வைத்திருக்கிறேன். பொத்தான் இல்லை. இன்று மாலையே சேர்த்துவிடுகிறேன். சொன்னதற்கு நன்றி.

#8 தச்சன்மகள்

பின்புறத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. என் அம்மாவுக்குக் கைநடுக்கம். சிறிய பொத்தானைத் தட்டப்போனால் விரல் இரண்டு மூன்று முறை பட்டுவிடும். ஐபோனின் 'பேக் டேப்' அவருக்குப் பெரிய துணை. 2020இல் ஐஓஎஸ் 14 உடன் வந்தது. பின்புறத்தில் இரண்டு முறை தட்டினால் ஒரு வேலை, மூன்று முறை தட்டினால் இன்னொன்று. பின்னால் தொடு உணரி எதுவும் இல்லை. அதிர்வை, கைபேசியின் அசைவை அளக்கும் முடுக்கமானி அறிகிறது. இரண்டு தட்டு எனக்கு அழைப்பு என்று வைத்துக்கொடுத்தேன். குறிபார்க்க வேண்டாம், முழுப் பின்புறமும் பொத்தான்.

சில நேரம் மேசையில் வைக்கும்போதே எனக்கு அழைப்பு வந்துவிடுகிறது. அதனால் மூன்று தட்டுக்கு மாற்றிவிட்டோம்.

இன்னொரு அமைப்பும் எங்களுக்கு உதவியது. அணுகல்தன்மைப் பகுதியில் தொடுதலைப் பதமாக்கும் வசதிகள் இருக்கின்றன: விரல் இவ்வளவு நேரம் பட்டிருந்தால்தான் தொடுதல் என்று கொள், திரும்பத் திரும்பப் பட்டால் ஒன்றாக எண்ணு, முதலில் பட்ட இடத்தை எடு அல்லது கடைசியாக விட்ட இடத்தை எடு. கடைசியாக விட்ட இடம் என்று வைத்த பிறகு அம்மா விரலை ஊன்றி, மெல்ல நகர்த்தி, சரியான இடத்தில் எடுக்கிறார். உள்ளீட்டை விரிவாக்குவது என்றால் புதிய கட்டளைகளைச் சேர்ப்பது மட்டுமா? எங்கள் வீட்டில் அது அம்மாவின் விரலுக்கு நேரம் கொடுப்பதாக இருந்தது.

#9 மின்னிழை

பின்புறத்துக்கு நீண்ட கதை உண்டு. 2007இல் 'லூசிட்டச்' என்ற சோதனைக் கருவியில் பின்னால் தொடும் விரல்களைப் படமெடுத்து, திரையில் நிழல்போல் காட்டினார்கள். கருவியே கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதாகக் கண்ணுக்குப் பட்டது. 2009இல் பௌடிஷ் 'நானோடச்' மூலம், திரை மிகச் சிறியதானாலும் பின்புறத் தொடுதலால் துல்லியமாக இயக்கலாம் என்று காட்டினார். 2011இல் பிளேஸ்டேஷன் வீட்டா என்ற கையடக்க விளையாட்டுக் கருவி பின்புறத் தொடுதளத்தோடு விற்பனைக்கே வந்தது. கைபேசியில் இது நிலைக்காததற்கு, பிடித்திருக்கும் விரல்கள் எல்லாம் ஏற்கெனவே பின்னால் இருப்பது ஒரு காரணம். எது பிடி, எது தட்டு என்று பிரிப்பது கடினம். உறை போட்டால் இன்னும் கடினம்.

விரலின் எந்தப் பகுதி பட்டது என்பதை ஒலியால் அறியும் வழியும் உண்டு. 2011இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹாரிசன் குழு 'டேப்சென்ஸ்' என்று வெளியிட்டது. நகம், விரல்கணு, விரல்நுனியின் சதை ஒவ்வொன்றும் கண்ணாடியில் வேறுவேறு ஒலி எழுப்பும். மேசையில் தட்டிப் பாருங்கள், உங்கள் காதுக்கே தெரியும். அந்த வழியில் வந்த தொழில்நுட்பம் 2015இல் ஹுவாவே பி8 கைபேசியில் விரல்கணுவால் தட்டித் திரைப்பிடிப்பு எடுக்கும் வசதியாக வந்தது.

#10 அகவல்

தட்டச்சைத் தொட வேண்டும். ஜப்பானியர்களின் இழுப்பு விசைப்பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? பன்னிரண்டு விசை. ஒரு விசையைத் தட்டினால் 'அ' ஓசை; இடப்பக்கம் இழுத்தால் 'இ', மேலே 'உ', வலப்பக்கம் 'எ', கீழே 'ஒ'. ஐந்து உயிரும் ஒரே விசையில் முடிந்துவிடும். விரல் ஓரிடத்தில் பட்டு ஒரு திசையில் போவது, அவ்வளவுதான்.

தமிழுக்கு இதைத் தாளில் வரைந்து பார்த்தேன். ஒரு மெய்க்குப் புள்ளி வைத்த வடிவம் ஒன்று, உயிரேறிய வடிவம் பன்னிரண்டு, ஆகப் பதின்மூன்று. 'க' விசையைத் தட்டினால் க. நான்கு நேர்த்திசைகளில் கி, கு, கெ, கொ. அதே திசையில் நீளமாக இழுத்தால் கீ, கூ, கே, கோ. குறிலுக்குக் குறுகிய இழுப்பு, நெடிலுக்கு நீண்ட இழுப்பு. ஒன்பது ஆயிற்று. எஞ்சிய நான்கு மூலைகளில் க், கா, கை, கௌ. பதின்மூன்றும் சரியாக அமர்ந்துவிட்டன. இரவு இதை வரைந்து முடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

#11 தேன்சிட்டு

அகவல், குறில் நெடிலை இழுப்பின் நீளத்தில் வைத்தது அருமை. நினைவில் வைக்க வேண்டிய தேவையே இல்லை, மொழியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இரண்டு கவலைகள். க், கா இரண்டும் மிக அதிகமாக வரும். மூலைத் திசைகள் கட்டைவிரலுக்குக் கடினம். கட்டைவிரல் அடிமூட்டை மையமாக வைத்து வில்போல் சுழல்வதால், நேராக இழுப்பதாக நாம் நினைப்பதும் சாய்ந்தே போகும். வலக்கைக்கும் இடக்கைக்கும் அந்தச் சாய்வு எதிரெதிர். எனவே க், கா இரண்டையும் எளிதான நேர்த்திசைகளுக்குக் கொண்டுவந்து, குறைவாக வரும் ஒ, ஓ போன்றவற்றை மூலைக்கு அனுப்பிப் பாருங்கள். கணக்கின் அழகு கொஞ்சம் குலையும், கை சுகப்படும்.

கற்பிப்பதற்கு கோர்டன் கர்ட்டன்பாக், பில் பக்ஸ்டன் இருவரும் 1990களில் ஆராய்ந்த குறிப்பு மெனுவைப் பின்பற்றலாம். விரலை வைத்துக் காத்திருந்தால் சுற்றிலும் தெரிவுகள் வட்டமாகத் தோன்றும். தெரிந்தவர் காத்திருக்காமல் உடனே இழுத்துவிடலாம். புதியவரும் பழகியவரும் செய்வது ஒரே அசைவு என்பதால், பார்த்துச் செய்யச் செய்யக் கை தானாகவே கற்றுக்கொள்ளும். 3டி டச்சில் இல்லாமற்போனது இதுதான்.

#12 பொன்விரல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மின்னிழை சொன்னதைச் செய்துபார்த்தேன்.

மூலப் படம் செயலிக்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஆண்ட்ராய்டு, தொடும் பரப்பின் நீள அச்சு, குறுக்கு அச்சு, திசை ஆகியவற்றைத் தருகிறது. அதை வைத்து, கட்டைவிரலைப் படுக்கவைத்து நகர்த்தினால் கர்சர் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக நகரும்படி எழுதினேன். நுனியால் தொட்டால் வழக்கம்போல். என் கையில் முதல் நாளே நன்றாக இயங்கியது. விரல் படுத்த இடத்துக்கு மேலே, மறைந்த வரியை ஒரு சிறு வட்டத்தில் பெரிதாக்கியும் காட்டினேன்.

பிறகு என் தங்கையிடம் கொடுத்தேன். சிறிய விரல்கள், திரையில் தடிமனான காப்புக் கண்ணாடி. அவள் விரலைப் படுக்கவைத்தபோதும் செயலி அதை நுனி என்றே எடுத்துக்கொண்டது. வேறொரு மாதிரிக் கைபேசியில் இரண்டு அச்சும் எப்போதும் ஒரே எண்ணாக வந்தன, நீள்வட்டமே இல்லை. ஆகவே நிலையான எல்லையைத் தூக்கிவிட்டு, ஒவ்வொருவரின் முதல் சில பத்துத் தொடுதல்களிலிருந்து அவரவர் நுனியின் அளவைச் செயலியே கற்கும்படி மாற்றினேன். எண்கள் மாறவே மாறாத கைபேசிகளில் இந்த வசதி தோன்றாது. எல்லாக் கைபேசிகளிலும் விசைப்பலகைக்கு மேலே இடம், வலம் என்று இரண்டு அம்புக்குறிப் பொத்தான்கள் வைத்துவிட்டேன். ஒவ்வொன்றும் 48 டிபி, அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர்.

உண்மையைச் சொல்கிறேன். தங்கை அந்த இரண்டு பொத்தான்களைத்தான் பயன்படுத்துகிறாள். கட்டைப் பிரித்த பிறகும் நான் படுக்கைவிரலைத்தான் பயன்படுத்துகிறேன். இரண்டும் இருக்கும்.

#13 செவிநுகர்

சோதனைப் பதிப்பை நிறுவினேன். "முந்தைய நிலைக்குத் திரும்பு" பொத்தான் சரியாகப் படிக்கப்படுகிறது. இடம், வலம் பொத்தான்கள் இரண்டையும் திரைவாசிப்பான் "பொத்தான், பொத்தான்" என்று மட்டுமே சொல்கிறது. பெயர் கொடுக்க மறந்துவிட்டீர்கள். விரல் சாய்வு வசதி திரைவாசிப்பான் இயங்கும்போதும் விழித்திருக்கிறது. நான் வரியைத் தேடி விரலை நகர்த்தும்போது கர்சரும் சேர்ந்து நகர்கிறது. அதை அணைத்துவிட வேண்டும்.

#14 பொன்விரல்

இரண்டையும் திருத்திப் புதிய சோதனைப் பதிப்பை ஏற்றிவிட்டேன். பொத்தான்களின் பெயர்: "ஓர் எழுத்து முன்னே", "ஓர் எழுத்து பின்னே". வேறு சொல் பொருத்தமாக இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

#15 செவிநுகர்

"முன்", "பின்" போதும். நாள் முழுவதும் கேட்பதற்குச் சிறிய சொல்லே நல்லது.